அத்தை முடிந்து வைத்த காணிக்கை

அத்தை (என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) புனித தேவசகாயத்துக்கு ஒரு நேர்ச்சை வைத்திருந்தார்கள். பேரனுக்கு வேலை கிடைத்துவிட்டால், அவர் பிறந்த நட்டாலத்தில் தொடங்கி உயிர்விட்ட காற்றாடிமலை வரைக்கும் ஒரே நாளில் போய் எல்லா இடத்திலும் மெழுகுதிரி ஏற்றுவதாக. போன தவக்காலத்தில் அத்தை ஆண்டவரிடம் போய்விட்டார்கள். பேரனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.

"வேலை கிடைக்கட்டும், அப்புறம் போவோம். நேர்ச்சையே அப்படித்தானே?" என்றார் என் வீட்டுக்காரர். கணக்குப்படி அது சரிதான். ஆனால் அத்தையின் டிரங்குப் பெட்டியில் அந்தக் கைக்குட்டையைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீலக் கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை. ஒரு மூலையில் காணிக்கையை இறுக்கி முடிந்து வைத்திருந்தார்கள். நீங்கள் வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்று சொன்னேன். ஜூலை முதல் சனிக்கிழமை, விடியுமுன்னே பாளையங்கோட்டையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

வீட்டு நிலைமையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பையன் டிப்ளமோ முடித்தவன். வளைகுடாவில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் சொன்னதை நம்பி, என் நகையை அடகு வைத்து 3 லட்சம் ரூபாய் கொடுத்தோம். அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கொடுத்தது விசிட் விசா. மூன்று மாதத்தில் இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தான். ஏஜெண்டின் போன் அன்றைக்கு அணைந்தது, இன்னும் எரியவில்லை. அந்த ஆளை நினைத்தாலே எனக்கு வாயில் சாபம்தான் வரும். கையில் ஜெபமாலை இருக்கும்போதே வந்திருக்கிறது. அத்தை மட்டும், "ஆண்டவர் கையில விட்டுடு தாயி, நீ சுமக்காதே" என்பார்கள். வயசானவர்கள், நடந்ததன் கனம் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

எத்தனையோ புனிதர்கள் இருக்க, தேவசகாயத்திடம் ஏன் போனார்கள் என்பதற்கு அத்தையிடம் காரணம் இருந்தது. "அவரு சாமியார் இல்ல, நம்மள மாதிரி குடும்பக்காரர். கடன், பயிரு, மாடு எல்லாம் தெரிஞ்சவர்." 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவி முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்கள். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று சொன்னபோது கை தட்டினார்கள்.

காற்றாடிமலை இருக்கும் ஆரல்வாய்மொழி வழியாகத்தான் பஸ் போகிறது. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டியதும், "இங்கேயே இறங்கிடுவோமே, மலையைப் பார்த்துட்டு மத்ததுக்குப் போலாம்" என்றார் அவர். முடியாது என்றேன். பிறந்த இடம் முதலில், உயிர்விட்ட இடம் கடைசியில். அத்தை சொன்ன வரிசை அதுதான். நாகர்கோவில் போய், மார்த்தாண்டம் பஸ் பிடித்து, நட்டாலம் போய்ச் சேரும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. அங்கே ஆட்டோ கேட்ட தொகையைப் பற்றிப் பேசாமல் விடுவதே நல்லது. 1712இல் அவர் நீலகண்டனாகப் பிறந்த மண்ணில் முதல் திரியை ஏற்றிவிட்டுத் திரும்பினோம்.

புலியூர்க்குறிச்சியில்தான் நான் நின்றுவிட்டேன். முட்டிடிச்சான் பாறை அங்கே இருக்கிறது. கிறிஸ்தவரானதற்காகச் சங்கிலி போட்டு இழுத்து வந்த வழியில் தாகம் தாங்காமல் அவர் ஜெபித்து, முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் வந்த இடம். பெரிய ஊற்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், கல்லில் ஒரு சின்னக் குழிதான். குனிந்து விரலை நனைத்து நெற்றியில் வைத்தபோது உச்சி வரைக்கும் குளிர்ந்தது.

அதே ஊரில்தான் உதயகிரிக் கோட்டையும் இருக்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடமே சேர்ந்து படையைப் பழக்கினாரே, அவருடைய கல்லறை அந்தக் கோட்டைக்குள். பயிரும் மாடும் அழிந்து மனம் ஒடிந்திருந்த நீலகண்டனிடம் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னது அவர்தான். எனக்கு இது பல நாள் ஆச்சரியம். மாட்டை இழந்தவனிடம் போய், மாடும் வீடும் பிள்ளைகளும் உடம்பும் போன ஒருவன் கதையைச் சொன்னால் ஆறுதலா வரும்? அவருக்கு வந்திருக்கிறது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார்.

கோட்டாறு போகும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்: "நம்பினதுக்கு அப்புறம்தானே அவருக்குக் கஷ்டம் கூடிச்சு?"

ஆமாம். முன்னால் போனது பயிரும் மாடும். பின்னால் எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், எருக்கம்பூ மாலை போட்டார்கள், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம். என்னிடம் பதில் இல்லை. பையன் திரும்பி வந்த நாளிலிருந்து பூசைக்கு வராத மனுஷன் அந்தக் கேள்வியையாவது கேட்டாரே என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் ஏதோ கல்யாணம், நல்ல கூட்டம். பட்டுச் சேலைகளுக்கு நடுவே நுழைந்து தேவசகாயத்தின் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் காற்றாடிமலை.

அங்கே எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. இரண்டு டூரிஸ்ட் பஸ் நிறைய ஆட்கள். இருபது ரூபாய்த் திரியை ஐம்பதுக்கு நீட்டுகிறவர்கள் வழியை மறிக்கிறார்கள். வேண்டாம் என்றாலும் "நான் காட்டித் தாரேன்" என்று ஒருவர் கூடவே வருகிறார். தேவசகாயத்தைச் சுட்டபோது உருண்ட பாறை மணி மாதிரி ஒலிக்கும் என்று சொல்வார்கள். மணியடிச்சான் பாறை. அதை அடித்து வீடியோ எடுப்பதற்கு ஒரே தள்ளுமுள்ளு. 1752 ஜனவரி 14 அன்று ஒரு மனுஷன் முழந்தாளில் நின்று ஜெபித்துவிட்டு ஐந்து குண்டு வாங்கிய இடம் அது. செருப்பையாவது கழற்றியிருக்கலாம்.

முழங்கால் பதிந்ததாகச் சொல்கிற பாறைப் பக்கம் ஒதுங்கி, நான் மண்டியிட்டேன். ஆரல்வாய்மொழிக் காற்று ஆடி பிறக்கும் முன்பே சேலையைப் பிய்த்தது. காணிக்கையைப் போடுவோம் என்று கைக்குட்டையை எடுத்தேன், முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பினேன், நகம்தான் போனது. கடைசியில் என் வீட்டுக்காரர் வாங்கிப் பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

ஒரு நூறு ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய் நாணயம். அவற்றோடு நாலாக மடித்த தினக் காலண்டர் தாள் ஒன்று. காற்று பறிக்கப் பார்த்தது, அவர் சட்டென்று மூடிப் பிடித்தார். அத்தையின் கோணல் கையெழுத்தில், பென்சிலால், நாலு பெயர். முதலில் பேரன். அடுத்து மகன். அடுத்து நான். அத்தையின் சொந்தப் பெயர் இல்லை. நாலாவது, அந்த ஏஜெண்டின் பெயர்.

அவர் இரண்டு தடவை வாசித்தார். "அம்மாவா எழுதினது?" என்றார். எழுத்தில் சந்தேகமே இல்லை. 'ர'வுக்குக் கால் இழுக்கும் அழகு அத்தைக்கு மட்டும்தான் வரும். எங்கள் வயிற்றில் அடித்தவனை எங்களோடு ஒரே முடிச்சில் சேர்த்து, ஒரே காணிக்கையில், ஒரே ஆண்டவர் கையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கனம் தெரியாதவர்கள் என்று நினைத்தேனே! நான் வட்டிக்கணக்கு பார்த்து அழுத ராத்திரிகளில் பக்கத்துக் கட்டிலில் அந்தக் கிழவி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெயர்களைச் சொல்லி ஒப்புக்கொடுக்க வேண்டும். மூன்று பெயர் சொன்னேன். நாலாவது தொண்டையில் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பின்னால் பாறையை மூன்று நாலு தடவை அடித்துவிட்டார்கள். பக்கத்தில் துணி உரசும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் முழந்தாளில் இருக்கிறார். பேன்ட் எல்லாம் செம்மண். "சொல்லு" என்றார். சொன்னேன்.

ஆண்டவரே, உமக்கு நன்றி. வேலை இன்னும் வரவில்லை, அதற்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வந்திருந்தால் நாங்கள் மூன்று பெயரோடு இங்கே வந்து ஊதாரித்தனமாக ஒரு கட்டுத் திரி ஏற்றிவிட்டுப் போயிருப்போம். எங்கள் பிள்ளையை உயிரோடு திருப்பி அனுப்பினீரே, அதற்கு நன்றி. இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட உலை ஏறாமல் இருந்ததில்லை, அதற்கு நன்றி. அத்தையை எனக்குக் கொடுத்தீரே, இத்தனை வருஷம், நன்றி. இந்த மனுஷனை மண்டியிட வைத்தீரே! இதைத்தானே நான் கேட்க மறந்திருந்தேன்.

திரி காற்றில் நிற்கவேயில்லை. வியாகுல மாதா ஆலயத்துக்குள் கொண்டுபோய் ஏற்றினோம். தாளை உண்டியலில் போடாமல் அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திருநெல்வேலி பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. வள்ளியூர் தாண்டும்போது பையன் போன் பண்ணினான். "அம்மா, மாவு பொங்கிருச்சு, பிரிட்ஜுல எடுத்து வச்சிட்டேன். பஸ் ஏறிட்டீங்களா?"

அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். "ஜனவரித் திருவிழாவுக்கு நீயும் வர்றே" என்றார்.