தேதி குறிக்காத பயணம்

ஜனவரியில் ரொறன்ரோவிலிருந்து டெக்சாஸ் கடற்கரைவரை ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போகப்போகிறோம் என்றதும் அக்கா தொலைபேசியிலேயே சிரித்துவிட்டாள். "குளிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் வீட்டையும் இழுத்துக்கொண்டு பனிக்குள்ளாலேயா போவார்கள்?" என்றாள். நியாயமான கேள்விதான். ரொக்போர்ட் ஊர்வரை சுமார் 2,800 கிலோமீற்றர். அதில் பயப்பட வேண்டியது முதல் ஆயிரம் மட்டுமே. மிச்சத்தை யாரும் ஓட்டலாம். ஆகவே நான் திட்டம் போடுவதெல்லாம் அந்த முதல் ஆயிரத்துக்குத்தான்.

ஏன் புளோரிடா இல்லை என்றும் பலர் கேட்கிறார்கள். எனக்குக் கொக்குப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவிலேயே உயரமான பறவையான ஹூப்பிங் கொக்கு, கனடாவின் வடக்கே வூட் பஃபலோ தேசியப் பூங்காவில் குஞ்சு பொரித்து, ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பறந்து, ரொக்போர்ட்டுக்கு அருகிலுள்ள அரன்சாஸ் சரணாலயத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. 1941-இல் அந்தக் கூட்டத்தில் மிஞ்சியவை இருபதுக்கும் குறைவு. இன்று ஐந்நூறைத் தாண்டிவிட்டன. அவற்றை ஒருமுறை நேரில் பார்க்காமல் இந்த நாட்டில் வரி கட்டி முடித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் கணவருக்குக் கொக்கில் அக்கறை இல்லை. அவருக்கு அங்கே மீன் இருக்கிறது, போதும்.

பாதையைத் தெரிவு செய்தது ஏரிகள். குளிர்ந்த காற்று உறையாத ஏரியின்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரையேறியதும் ஒரு குறுகிய பட்டையில் பனியாகக் கொட்டும். பத்து கிலோமீற்றர் அப்பால் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். பட்டைக்குள் சிக்கியவருக்குத் தன் வாகனத்தின் முன்பக்கமே தெரியாது. அமெரிக்க எல்லையோரத்துப் பஃபலோ நகர வழியை அதனாலேயே முதலில் அடித்துவிட்டேன். 2022 டிசெம்பர்ப் பனிப்புயலில் அந்தப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லையைக் கடக்கும் சார்னியா பாலம் ட்ரெய்லருக்கு வசதியானது என்பார்கள். ஆனால் அங்கே போகும் 402 நெடுஞ்சாலையில் 2010 டிசெம்பரில் நூற்றுக்கணக்கானோர் பனியில் சிக்கி, இராணுவ ஹெலிகொப்டர்கள் போய் மீட்க வேண்டியிருந்தது. 401-இல் நேரே வின்ட்சருக்குப் போய், அம்பாசிடர் பாலத்தால் டெட்ராயிட்டுக்குள் இறங்குவது என்று முடிவு. அந்த வழியிலும் பனி பெய்யும். ஆனால் ஏரி கொட்டுகிற பட்டைகள் அங்கே குறைவு. எரிவாயு உருளைகள் பூட்டிய ட்ரெய்லரோடு வின்ட்சர் சுரங்கப் பாதையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

டெட்ராயிட்டிலிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் டொலீடோ, டேட்டன், சின்சினாட்டி. அங்கே ஒஹாயோ ஆற்றைக் கடக்கும் பிரென்ட் ஸ்பென்ஸ் பாலத்தில் அவசரத்துக்கு ஒதுங்க ஓரம் கிடையாது. 1963-இல் திறந்த பாலம்; இன்றைய நெரிசலைத் தாங்கக் கட்டியதல்ல. நகரைச் சுற்றிப் போகும் 275-ஐ எடுத்தால் சில கிலோமீற்றர் கூடும், நெஞ்சு படபடப்புக் குறையும். பிறகு லூயிவில், நாஷ்வில், மெம்பிஸ், லிட்டில் ரொக், டெக்சார்க்கானா, ஹூஸ்டன். மெம்பிஸுக்குப் பிறகு என் குறிப்பேட்டில் ஊர்ப் பெயர்களைத் தவிர ஒன்றும் இல்லை.

எடைக் கணக்குத்தான் என் பொறுப்பு. வாழ்நாள் முழுதும் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலைப் பார்த்தவள் நான். கழிவுகள் போக மிஞ்சுவதுதான் உண்மையான தொகை என்று எனக்குத் தெரியும். ட்ரக்கை விற்றவர் "இது எதையும் இழுக்கும்" என்றார். இழுக்கும்தான். ஆனால் எவ்வளவு சுமக்கும் என்பது வேறு கணக்கு. அதைச் சாரதிப் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வில்லை சொல்லும். எங்களுடையதில் 720 கிலோ. ட்ரெய்லர் முழுச் சுமையோடு 3,200 கிலோ. அதில் 10 முதல் 15 சதவீதம் ட்ரக்கின் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். 13 சதவீதம் என்று வைத்தால் 416 கிலோ. எடையைப் பகிர்ந்து முன் அச்சுக்கும் அனுப்பும் ஹிட்ச் கருவி 40 கிலோ. நாங்கள் இருவரும் உடுப்போடு 150 கிலோ. அதில் யார் எவ்வளவு என்பது உங்களுக்குத் தேவையில்லை. மிஞ்சுவது 114 கிலோ. ஜெனரேட்டர், கருவிப் பெட்டி, பனி வாரும் மண்வெட்டி, பலகைகள், சங்கிலிகள் என்று என் கணவர் அடுக்க அடுக்க அது கரைகிறது. கடைசியில் 18 கிலோ குத்தரிசி மூட்டைக்கும் அவருடைய மீன்பிடிப் பெட்டிக்கும் இடையே போட்டி வந்தது. அரிசி வென்றது. ஹூஸ்டனில் நம் அரிசி கிடைக்கும் என்று அவர் வாதாடினார். தூண்டிலும் கிடைக்கும் என்றேன்.

இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தில். புறப்பட முன்னர் ஒருநாள் எல்லாவற்றையும் ஏற்றி, நெடுஞ்சாலையோர ட்ரக் நிறுத்தத்திலுள்ள தராசில் அச்சு அச்சாக நிறுத்துப் பார்க்காமல் நான் ஏறப்போவதில்லை. ஒன்ராறியோவில் சாதாரண ஜி வகுப்பு உரிமத்தோடு 4,600 கிலோவரை இழுக்கலாம் என்பதால் இந்த நாட்டில் யாரும் யாரிடமும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு அது வியப்பு.

தண்ணீர் விடயத்தில் நான் பிடிவாதக்காரி. ஒக்டோபரிலேயே குழாய்களில், உறைந்து வெடிக்காமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றி மூடியாயிற்று. டெக்சார்க்கானா தாண்டி, இரவு வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே நிற்கும்வரை அதைத் திறக்கப் போவதில்லை. ஹீட்டரைப் போட்டுக்கொண்டே ஓடினால் குழாய் உறையாது என்று சிலர் சொல்வார்கள். வண்டிக்கு அடியில் மைனஸ் பதினைந்து காற்று மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் அடிக்கும்போது அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை. அதுவரை குடிக்கப் போத்தல் தண்ணீர், படுக்க மோட்டல். கழிப்பறைக்கு ஓய்விடங்கள் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டி வெறுமையாக இருப்பதால் 150 கிலோ மிச்சமும்கூட.

பேட்டரிக்கும் குளிர் ஆகாது. எங்களுடையது லித்தியம் வகை; பூச்சியத்துக்குக் கீழே அதை மின்னேற்றினால் பழுதாகிவிடும். ஆகவே அதைக் கழற்றி ட்ரக்கின் பின் இருக்கையில் எங்களோடு சூட்டில் கொண்டுபோகிறோம். கொக்கி தற்செயலாகக் கழன்றால் ட்ரெய்லரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்கவைக்கும் அவசரச் சுவிட்சுக்கு ஒரு பேட்டரி வேண்டும் என்பதால் பழைய ஈயப் பேட்டரி ஒன்று, முழுதும் ஏற்றியது, முன்னால் இருக்கும். டயரில் மைனஸ் பதினைந்தில் நிரப்பிய காற்றின் அழுத்தம் பிளஸ் இருபதில் கூடிவிடும். தினமும் காலையில், டயர் சூடாகும் முன்னர், அளந்து சரிசெய்ய வேண்டும். ட்ரெய்லர் பிரேக்கின் வலுவைக் கோடையில் வைத்த அளவிலேயே வைத்திருந்தால் ஈரப் பனியில் அதன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கும். குறைத்து வைக்க வேண்டும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கொன்ட்ரோல் பனியில் கூடவே கூடாது. இவை என் கணவரின் பட்டியல். நான் வாசித்து அடையாளம் போடுகிறேன், அவ்வளவே.

எல்லையில் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு சங்கடம்: பச்சைக் கறிவேப்பிலை. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. தோடை மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும் என்பதால் அமெரிக்காவுக்குள் கொண்டுபோகத் தடை. விறகுக்கும் கட்டுப்பாடு உண்டு, அதில் வேறு பூச்சி. குளிரூட்டியைக் காலியாகவே கொண்டுபோய், மிளகாய்த்தூள், பருப்பு, இடியப்ப மா என்று உலர்ந்த சாமான்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அமெரிக்காவில் ஓர் இரவு மருத்துவமனையில் படுத்தால் ட்ரெய்லரை விற்றாலும் காணாது. அதனால் பயணக் காப்புறுதி முதல் செலவு. படிவத்தில் இரத்த அழுத்த மாத்திரையின் அளவு மாறிய மாதத்தைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இனித் தேதி. ஜனவரி இரண்டாம் வாரம் முழுதும் எங்களுக்குப் புறப்படும் நாள்தான். ரொறன்ரோ, டொலீடோ, சின்சினாட்டி மூன்றிலும் தொடர்ந்து இரண்டு பகல் காய்ந்த சாலை கிடைக்கும் என்று முன்னறிவிப்பு சொல்லும் காலையில் கிளம்புவோம். அதற்கு முந்திய இரவே மோட்டல் பதிவு, ட்ரெய்லரோடு உள்ளே நுழைந்து நேரே வெளியேற நீளமான இடம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டபிறகு. முதல் நாள் டொலீடோவுக்குக் கொஞ்சம் தெற்கே. இரண்டாம் நாள் லூயிவில் தாண்டி. மாலை நான்கு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கேயே நிறுத்தம். இருட்டியபிறகு சாலையில் கறுப்பாகத் தெரிவது ஈரமா, கண்ணாடிப் பனியா என்று கண்டுபிடிக்கும் வயது எங்களுக்குப் போய்விட்டது.

ரொக்போர்ட்டில் இடம் பதிவு செய்யும்போது வருகை நாளைத் தள்ளிப்போட்டாலும் முற்பணம் போகாத ஒரு முகாமைத் தேடி எடுத்தேன். கொஞ்சம் விலை கூட. என் கணவருக்கு அது வீண் செலவாகப் பட்டது. முற்பணம் போய்விடுமே என்று பனிப்புயலுக்குள் வண்டியை எடுக்கிறவர்களை 401-இல் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எரிவாயு உருளைகள் இரண்டையும் நிரப்பிக்கொண்டு வந்தார். தெற்கில் எதற்கு இரண்டு என்று கேட்ட பக்கத்து வீட்டாருக்கு, 2021 பெப்ரவரியில் டெக்சாஸ் உறைந்து இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றதை அரைமணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார்.