குல்மார்க்கில் முறிந்த பட்டையும் குளச்சலில் கிடைத்த போல்ட்டும்

கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ், ஜம்மு வழியாகக் கட்ரா வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று இரவுகள் பிடிக்கும் அந்தப் பயணத்தில், பனிச்சறுக்குப் பலகையைக் கீழ்ப்பெர்த்துக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டு காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகும் எனக்கும் என் மைத்துனருக்கும் எப்போதும் ஒரே கவலைதான். அங்கே போய் ஏதேனும் உடைந்துவிட்டால், மாற்றுப் பொருளைக் கொடுத்தனுப்பும்படி ஊருக்குச் சொல்ல முடியாது. நாகர்கோவிலில் அது எந்தக் கடையிலும் இல்லை. திருவனந்தபுரத்திலும் நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே குமரி மாவட்டத்திலிருந்து பனிக்குப் போகிறவர், காலைப் பலகையில் பிடித்துவைக்கும் பைண்டிங் வாங்கும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, அது எவ்வளவு உறுதியானது என்பதல்ல, உடைந்தால் எந்தெந்தப் பாகத்தை நம் கையாலேயே மாற்றிக்கொள்ள முடியும் என்பதே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த முடிவுக்குக் கொண்டுவந்த பயணங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பலகையில் நிற்பவரின் பூட்ஸைப் பலகையோடு பிணைப்பது பைண்டிங். பலகையின் மேல் திருகுகளால் இறுக்கப்படும் ஒரு வட்டத்தட்டு, அது பிடித்துவைத்திருக்கும் அடித்தட்டு, கணுக்காலுக்குப் பின்னால் எழுந்து நிற்கும் முதுகுத்தட்டு, கணுக்காலுக்கு ஒன்றும் விரல்முனைக்கு ஒன்றுமாக இரண்டு ஸ்ட்ராப்கள் ஆகியவை அதன் உறுப்புகள். ஸ்ட்ராப்பை இறுக்குவது ராட்செட் என்னும் சிறு நெம்புகோல். அது கடித்துக் கடித்து முன்னேறும் பல்பட்டைக்கு லேடர் என்று பெயர். அடித்தட்டு உடைவதை நான் இதுவரை கண்டதில்லை. உடைவதெல்லாம் லேடரும் ராட்செட்டும் அவற்றைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகளும்தான்.

நாங்கள் முதலில் போன காலத்தில் ஜம்முவிலிருந்து சாலை வழியாகத்தான் ஸ்ரீநகரை அடைய வேண்டியிருந்தது; 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்தே ரயில் ஓடுவதால் அந்த அலைச்சல் குறைந்துவிட்டது. ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க், அங்கிருந்து சக்கரங்களில் சங்கிலி கட்டிய வண்டியில் 13 கிலோமீட்டர் ஏறினால் குல்மார்க். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தப் புல்வெளியிலிருந்து கோண்டோலா என்னும் கயிற்றுவண்டி இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கோங்டூரி. இரண்டாவது கட்டம் 3,900 மீட்டரைத் தாண்டிய அபர்வத் மலைச்சரிவு. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பனி நிற்கும்.

அங்கே வாடகைக்கு எடுத்த பலகையில்தான் முதல் முறிவு நேர்ந்தது. கோங்டூரிக்குக் கீழே, தேவதாரு மரங்களுக்கிடையே பாதை வளையும் இடத்தில், குதிகால் பக்கமாக எடையைச் சாய்த்த அந்த நொடியில் பின்காலின் கணுக்கால் லேடர் இரண்டாக முறிந்து, கால் பைண்டிங்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. அடி ஒன்றும் படவில்லை. பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு முழங்காலளவு பனியில் இறங்கி வந்தோம். தங்கியிருந்த அறையில் முறிந்த துண்டை விளக்கடியில் பார்த்தபோது, போல்ட் நுழையும் துளையைச் சுற்றி வெண்மையான கீறல்கள் வட்டமாகப் படர்ந்திருந்தன. பிளாஸ்டிக் திரும்பத் திரும்ப வளைந்து களைத்துப்போனால் இப்படித்தான் வெளுக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பல பருவங்களாக அதை மேலும் நலிவடையச் செய்திருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி குளிரில் நெகிழ்ச்சி இழந்த பட்டை, ஒரே இழுப்பில் தெறித்துவிட்டது. வாடகைக்கு எடுக்கிறவர்கள் தயவுசெய்து லேடரைத் துளையருகே மடக்கிப் பாருங்கள். வெண்மை தெரிந்தால் வேறு ஜோடி கேளுங்கள். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சொந்தமாக ஒரு ஜோடி வேண்டும் என்று தோன்றி, தில்லியில் வாங்கினோம். பிளாஸ்டிக் அடித்தட்டு, உலோக ராட்செட், கருவியில்லாமலேயே ஸ்ட்ராப் நீளத்தை மாற்றும் வசதி என்று பார்வைக்குக் குறை சொல்ல முடியாத பொருள். ஒரு பருவம் நன்றாகவே உழைத்தது. அடுத்த குளிர்காலத்தில், முட்டத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்த பெட்டியைத் திறந்தபோது ராட்செட்டின் சுருள்வில் செம்பழுப்பாகத் துருவேறி, பல் கடிக்க மறுத்தது. ஸ்ட்ராப் போல்ட்டுகளில் பாதி திருப்புளிக்கு அசையவில்லை. சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு எடுத்துக்கொண்டு போனோம். அபர்வத் சரிவில் விரல்முனை ஸ்ட்ராப் வழுக்கி வழுக்கித் தளர்ந்ததில் அன்று கோங்டூரிக்கு மேலே போவதையே நிறுத்திக்கொள்ள நேர்ந்தது.

முட்டத்தில் வசிப்பவருக்கு இதில் வியப்பில்லை. சன்னல் கம்பி, சைக்கிள் சங்கிலி, ஏசியின் வெளிப்பெட்டி என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. பாறையில் மோதிச் சிதறும் அலையின் நுண்துளிகள் காற்றில் ஏறி வந்து படிகின்றன. அதிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் பூசிய துத்தநாகத்தைத் தின்றுவிட்டுக் கீழே இறங்குகிறது. தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டத்தில், ஈரம் முற்றிலும் காயும் மாதங்கள் குறைவு. பைண்டிங் செய்கிறவர்கள் தங்கள் பொருள் குளிரில் என்ன பாடுபடும் என்று கணக்கிட்டிருப்பார்கள். ஆண்டின் பத்து மாதம் அது அரபிக்கடலோரம் பெட்டிக்குள் கிடக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். எங்கள் பைண்டிங் தேய்ந்தது பனியில் அல்ல, வீட்டில்.

ஆகவே அடுத்த தேடலை நம் மாவட்டத்திலேயே தொடங்கினேன். கோட்டாறு கடைத்தெருவில் நட்டு போல்ட் விற்கும் ஒரு கடையில், கழற்றிக் கொண்டுபோன போல்ட்டை அண்ணாச்சி மரைக்கருவி வைத்து அளந்து, எம்6, மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர் என்றார். பலகைகளில் பதித்திருக்கும் உள்மரையும் அதே அளவுதான். எந்த நிறுவனத்தின் பலகையானாலும் பெரும்பாலும் இதுவே வழக்கம். நல்ல ஸ்டெயின்லெஸ் வேண்டுமென்றால் படகு வேலை செய்கிறவர்களிடம் போய்க் கேட்கும்படி அவரே சொல்லி அனுப்பினார். முட்டத்திலிருந்து கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல் போகும் கடற்கரைச் சாலையை நான் சிறுவயதிலிருந்து அறிவேன். அன்றுதான் வழியெல்லாம் படகுகளின் போல்ட்டுத் தலைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன்.

குளச்சலில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கும் மூத்தவர் ஒருவர், என் கையிலிருந்த துருப்பிடித்த போல்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, காந்தம் ஒட்டலைன்னா எல்லாம் ஒரே சரக்குன்னு நினைச்சிராதீங்க. தலையில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. 304, 316 ஆகிய இரண்டு வகை ஸ்டெயின்லெஸ்ஸுமே காந்தத்தில் பெரிதாக ஒட்டாதவை. ஆனால் 316இல் இரண்டிலிருந்து மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் கடல் உப்பை அது கூடுதலாகத் தாங்கும். போல்ட்டின் தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் அது 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. ஏ4-70 என்பதில் உள்ள 70, அதன் இழுவலிமை 700 மெகாபாஸ்கல் என்பதைக் குறிக்கும். 8.8 என்று குறித்த சாதாரண உயர்வலிமை இரும்பு போல்ட் அதைவிடச் சற்று வலுவானதுதான் என்றாலும், ஸ்ட்ராப்பைப் பிடிப்பதற்கு 700 தாராளமாகப் போதும். துருப்பிடித்த 8.8ஐ விடத் துருப்பிடிக்காத ஏ4ஐயே நான் நம்புவேன்.

அவரிடம் இன்னும் இரண்டு செய்திகள் கிடைத்தன. போல்ட்டின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது மரைக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது ஒன்று. எம்6 என்றால் ஆறு மில்லிமீட்டர். மரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்பதால், இறுகுவதற்கு முன் ஆறு சுற்றாவது சுற்ற வேண்டும். பலகையின் வட்டத்தட்டுக்கு இது அப்படியே பொருந்துகிறது. குட்டையான திருகு உள்மரையைப் பிய்த்துவிடும். நீளமான திருகோ அடிவரை போய் முட்டி, இறுகியதுபோல் பொய் காட்டுவதோடு பலகையின் அடிப்பரப்பையும் புடைக்க வைக்கும். ஸ்டெயின்லெஸ்ஸை ஸ்டெயின்லெஸ்ஸுக்குள் உலர்வாக வேகமாக முறுக்கினால் மரை ஒன்றையொன்று கடித்துக்கொண்டு பிறகு அசையாது என்பது மற்றொன்று. மெதுவாகக் கையால் இறக்கி, மெல்லிய கிரீஸ் தடவுவதே வழி. படகுக்காரர்கள் துருவை டீசலில் ஊறவைத்து எடுப்பார்கள். உலோக போல்ட்டைத் தனியே கழற்றி அப்படிச் செய்யலாம்; பைண்டிங்கோடு சேர்த்துச் செய்யக்கூடாது. பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன தட்டுகளில் பெட்ரோலோ தின்னரோ பட்டால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகும். போல்ட் தளராமலிருக்க விடும் மரைப்பசைகளிலும் சில இதே கேட்டைச் செய்பவை. அதனால் அடித்தட்டு எந்தப் பொருளால் ஆனது என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளூரில் வாங்கிய எல்லாம் எல்லா இடத்துக்கும் ஆகாது. வட்டத்தட்டுக்கான திருகின் தலை அகலமாகவும் தட்டின் பள்ளத்துக்கு ஏற்ற வடிவிலும் இருக்க வேண்டும். தட்டையான பள்ளத்தில் கூம்புத்தலைத் திருகை இறக்கினால் அது ஆப்பு அறைவதுபோல் தட்டைப் பிளந்துவிடும். ஆகவே அந்தத் திருகுகளை மட்டும் பைண்டிங் நிறுவனத்தாரிடமிருந்தே கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டேன். ஸ்ட்ராப்புக்கும் முதுகுத்தட்டுக்கும் குளச்சல் போல்ட்டுகள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு தில்லிக்குப் போனபோது, கடைக்காரர் எடுத்துக் காட்டியவற்றில் பலவற்றை விரைவாக விலக்க முடிந்தது. பூட்ஸை மிதித்தாலே பூட்டிக்கொள்ளும் வகையை பர்ட்டன் நிறுவனம் 2017இல் ஸ்டெப் ஆன் என்ற பெயரில் கொண்டுவந்தது. அதற்கு ஸ்ட்ராப்பே கிடையாது. முறியவும் எதுவுமில்லை போலத் தோன்றும். ஆனால் அதற்கென்றே செய்த பூட்ஸ் இல்லாமல் அது பயன்படாது. பூட்ஸ் கெட்டுப்போனால் குல்மார்க்கில் வாடகைப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதில் ஏற முடியாது. பின்பக்கம் திறந்து காலை நுழைக்கும் வகையில், முதுகுத்தட்டை இழுத்துப் பிடிப்பது ஒரு கம்பிவடம். அது அறுந்தால் கையில் இருக்கும் கருவிகளைக் கொண்டு மலையில் சரிசெய்வது கடினம். இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தான். பக்கத்திலேயே கடை இருக்கிறவர்கள் வாங்கட்டும். நம் தூரத்துக்கு, இரண்டு ஸ்ட்ராப் கொண்ட பழைய வகையே ஏற்றது.

அந்த வகைக்குள்ளும் கண்ணாடியிழை கலந்த நைலான் அடித்தட்டைத் தேர்ந்தெடுத்தேன். அலுமினியத் தட்டு உறுதியானதே. ஆனால் உப்பு ஈரத்தில் அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியமே அரிக்கப்படும். பாலிகார்பனேட் அடியைத் தாங்கும். மேலே சொன்ன ரசாயனங்களைத் தாங்காது. ஸ்ட்ராப்பின் நீளத்தைக் கருவியில்லாமல் மாற்றும் வசதியை வேண்டாமென்று விட்டுவிட்டு, சாதாரண போல்ட்டும் நட்டும் உள்ளதை வாங்கினேன். வசதிக்காகச் சேர்த்த ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் துருவேற ஒரு வில் ஒளிந்திருக்கிறது. வட்டத்தட்டானது, பலகைகளில் காணப்படும் நான்குக்கு நான்கு சென்டிமீட்டர் துளை அமைப்பு, நான்குக்கு இரண்டு, நீளவாக்கில் ஒரே பள்ளமாக ஓடும் சானல் அமைப்பு ஆகிய மூன்றிலும் பொருந்துகிறதா என்று பார்த்தேன். பலகை உடைந்து வாடகைப் பலகை எடுக்க நேர்ந்தாலும் நம் பைண்டிங்கை அதில் மாட்டிக்கொள்ளலாம் அல்லவா. லேடர், ராட்செட், ஸ்ட்ராப் மூன்றும் தனித்தனியாக விற்கப்படுகின்றனவா என்பதைக் கடைசியாகக் கேட்டேன். இல்லை என்ற பதில் வந்த ஒரு ஜோடியை, விலை குறைவாக இருந்தும் வாங்கவில்லை. சில நிறுவனங்கள் அடித்தட்டுக்கு ஆயுள்கால உத்தரவாதம் தருவதாக எழுதியிருக்கும். முறியும் வாய்ப்புள்ள லேடருக்கும் ராட்செட்டுக்கும் அந்தக் காலம் மிகக் குறுகியது என்பதை உறையின் சிறிய எழுத்தில் படித்துப் பாருங்கள்.

பூட்ஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கணுக்கால் ஸ்ட்ராப் இறுகிய நிலையில் ராட்செட் லேடரின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். நுனியில் இரண்டு மூன்று பற்களை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் பைண்டிங் சிறிது. கொஞ்சம் தளர்ந்தாலே கழன்றுவிடும்.

இப்போது எங்கள் பெட்டியில் இரண்டு லேடர், ஒரு ராட்செட், வட்டத்தட்டுத் திருகுகள், ஏ4 போல்ட்டுகள், வாஷர்கள், பெரிய மூன்றாம் எண் நட்சத்திரத் திருப்புளி ஆகியவை தனிப்பையில் இருக்கின்றன. விமானத்தில் போகிறவர்கள் திருப்புளியைக் கைப்பையில் வைக்காமல் சரக்கோடு அனுப்பிவிட வேண்டும். ஊர் திரும்பியதும் பைண்டிங்கை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, ராட்செட் வில்லில் ஒரு துளி சிலிக்கான் எண்ணெய் விட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுகும் டிரம்மில் வைக்கிறோம். குலசேகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்தால் கடற்காற்று படாது என்று மைத்துனர் சொன்னார். அங்கே உப்பு குறைவுதான். ஆனால் ரப்பர் தோட்டத்து மழை ஈரம் அதிகம் என்பதால் டிரம்மை முட்டத்திலேயே வைத்திருக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் அபர்வத் சரிவில் இந்தப் புதிய ஜோடியோடு இறங்கினோம். குளிரில் உலோகமும் பிளாஸ்டிக்கும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், அறையில் இறுக்கிய திருகு மலையில் சற்றுத் தளர்ந்திருக்கும். முதல் இறக்கம் முடிந்ததும் கோங்டூரியில் நிறுத்தி எட்டுத் திருகுகளையும் பார்த்தோம். அவற்றில் இரண்டு திருகுகள் மட்டும் தலா கால் சுற்று ஏற்றுக்கொண்டன. மாலையில் மீண்டும் பார்த்தபோது எதுவும் அசையவில்லை.