பனஞ்சிலாகையும் ரொறன்ரோப் பனி உருண்டையும்

செப்டம்பர் 6, சனி

நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் மூலையை அலங்காரப் பொருட்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. அவற்றுக்கு நானே ஓர் அடுக்குச் செய்யலாம் என்று, எல்லாவற்றையும் விறாந்தையில் பரப்பி உயரம் அளந்தேன். அப்பப்பா காலத்துப் பித்தளைக் குத்துவிளக்கு 22 அங்குலம். முன்பு வெற்றிலையும் காசும் வைத்த பனையோலைக் கொட்டைப்பெட்டிகள் 4 அங்குலத்துக்குள் அடங்கும். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகள் ஒரு தட்டு நிறைய. குலுக்கினால் பனி கொட்டும் கண்ணாடி உருண்டை, ரொறன்ரோச் சின்னம்மா அனுப்பியது, 5 அங்குலம்.

கடையில் விற்கும் அடுக்குகளுக்கு எல்லாத் தட்டும் ஒரே இடைவெளி. விளக்குக்குத் தலை இடிக்கும், பெட்டிக்கு மேலே வெற்றிடம் கிடக்கும். பொருளை அளந்த பிறகே தட்டைக் கீற வேண்டும் என்பது என் கட்சி. பாதிப் பொருட்களைப் பெட்டியில் கட்டிவிடலாம் என்றேன்.

"எதைக் கட்டப் போகிறாய்? வருகிறவர்கள் தாங்கள் தந்ததைத் தேட மாட்டார்களா?" என்றார் அம்மா.

செப்டம்பர் 7, ஞாயிறு

போயா நாள், பௌர்ணமி. இரவு முழுச் சந்திர கிரகணம் என்பதால் அம்மா சமையலை வேளைக்கே முடித்துவிட்டார். நான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய பழைய வீடு. துளையிடத் துறப்பணத்தை வைத்தால் வெள்ளைப் பொடி கொட்டுமே தவிர, திருகாணி பிடிக்காது. ஆகவே சுவரில் தொங்கும் தட்டு இல்லை, தரையில் தானே நிற்கும் அடுக்குத்தான். மேல் முனையை மட்டும் யன்னல் நிலையோடு இரும்புப் பட்டியால் பிணைத்துவிடுவேன். தங்கச்சியின் மகனுக்கு எதைக் கண்டாலும் ஏறுகிற வயது.

செப்டம்பர் 13, சனி

மரக்காலைக்குப் போய் வேப்பம் பலகை எடுத்தேன். 10 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்பு. முதிரை மரம் கண்ணைப் பறித்தது, விலை கையைத் தடுத்தது. வேம்பு கசப்பு மரம், கறையான் சுலபத்தில் நெருங்காது. ஆனால் ஈரம் காயாத வேம்பு வளைந்து முறுகும். பலகையின் விளிம்பைக் கண்ணோடு சேர்த்து, நீளவாக்கில் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தேன். கடைக்காரருக்குப் பொறுமை அதிகம்.

அடுக்கு 4 அடி அகலம். ஒரே பாரத்துக்குத் தாங்கும் இடைவெளி இரட்டித்தால் பலகையின் தொய்வு எட்டு மடங்காகும். அதனால் நடுவிலும் ஒரு கால் சட்டம். ஏணி போல மூன்று சட்டங்கள், அவற்றின் குறுக்குக் கட்டைகளில் பலகைகள் உட்காரும். அவ்வளவுதான் வடிவம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சட்டங்களுக்குப் புது மரம் வாங்கவில்லை. கூரை மாற்றியபோது கழற்றிய பனஞ்சிலாகைகள் கொட்டிலில் கிடக்கின்றன. நிற்கும் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும், இவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்று முழுவதும் சீவுளிதான். பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது. வைரம் என்கிற கடினமெல்லாம் வெளிப்பக்கம், உள்ளே போகப் போகச் சோறு என்கிற மென்பகுதி. சீவிய முகத்தில் கறுத்த நார்கள் ஊசி ஊசியாய் நெடுக ஓடின, இடையில் தேன் நிறம். நாரின் போக்கிலே தள்ளினால் மெல்லிய சுருளாக வருகிறது. எதிர்த்துத் தள்ளினால் நார் நிமிர்ந்து சிராயாகிறது. அந்தச் சிராய் விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. திருகாணி போடும் இடமெல்லாம் முதலில் சிறு துளை இட்டேன். இல்லாவிட்டால் பனை நெடுகப் பிளக்கும்.

பக்கத்து வீட்டுத் தச்சுவேலை அண்ணை வேலியால் எட்டிப் பார்த்து, "தம்பி, சோற்றுப் பக்கம் ஆணியை நம்பாதையும், வைரத்தில் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 20, சனி

பூட்டியாயிற்று. ஒவ்வொரு பலகையிலும் முன் திருகாணிகளை இறுக்கினேன். பின் துளைகளை நீள்வட்டமாக்கிச் சற்றுத் தளர விட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் அகலத்தில் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும். அசைய இடம் வைக்காவிட்டால் பலகை வெடிக்கும். கீழ்த்தட்டு தரையிலிருந்து 5 அங்குலம் மேலே நிற்கிறது. வேம்பாவது பரவாயில்லை, பனையின் சோற்றுப் பக்கத்தை நம்ப முடியாது. கறையான் மண் பூசிக்கொண்டு ஏறினால் உடனே கண்ணில் படட்டும். கால்களுக்கு அடியில் மாபிள் துண்டுகள். மினுக்கமில்லாத வார்னிஷ் இரண்டு பூச்சு. பனையின் கறுப்பு இன்னும் கறுத்து வந்தது, எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 27, சனி

மூலையில் கும்பம் இருக்கிறது, பக்கத்துச் சுவரோடு அடுக்கு. குத்துவிளக்குக்கு 24 அங்குல இடைவெளி விட்டிருந்தேன், நடுத்தட்டில் தலை நிமிர்ந்து நிற்கிறது. அதன் இருபுறமும் ஒன்றும் வைக்கக் கூடாது என்று சொன்னேன். அம்மா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: பெட்டியில் கட்டுகிறவை முறை வைத்து வெளியே வரும்.

முறையையும் அவரே போட்டுவிட்டார். சின்னம்மா டிசம்பரில் வருகிறார், அதுவரை பனி உருண்டை மேல்தட்டில், அவர் வருகிற கிழமை நடுத்தட்டில். சுவிஸ் மச்சாளின் மரக் கடிகாரம் இப்போதைக்குப் பெட்டியில். மச்சாள் எப்போது வருகிறாள் என்று இன்று பின்னேரம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். தேதி கேட்ட காரணம் மச்சாளுக்குத் தெரியாது.