வட்டி வீதம்: எந்தத் தொகைக்கு, எந்தக் காலத்துக்கு?

சாதாரண தரக் கணிதத்தில் வட்டி அலகில் எனக்குப் புள்ளி குறைந்ததே இல்லை. சூத்திரத்தைப் பாடமாக்கி, எண்களை இட்டு, விடையின் கீழே கோடு போட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன். அந்தப் பாடம் எனக்கு விளங்கவே இல்லை என்பதை, உயர்தர வர்த்தகப் பிரிவில் சேர்ந்த பின்னர், கோண்டாவிலில் இருக்கும் சித்தியின் தவணை அட்டையைப் பார்த்த அன்றுதான் அறிந்துகொண்டேன்.

சித்தி தையல் வேலைக்காக ஒரு கடன் நிறுவனத்தில் 60,000 ரூபாய் எடுத்திருந்தார். மாதம் 2 சதவீத வட்டி, பன்னிரண்டு தவணைகள், தவணை ஒன்றுக்கு 6,200 ரூபாய். "வருசத்துக்கு 24 வீதம்தானே, மீற்றர் வட்டியோட பார்த்தால் இது பரவாயில்லை" என்றார்; தனியாரிடம் மிக உயர்ந்த வட்டிக்கு எடுக்கும் கடனைத்தான் மீற்றர் வட்டி என்பார்கள். மொத்த வட்டி 14,400 ரூபாய்; 60,000இன் 24 சதவீதமும் அதுவே. ஆகவே நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றிரவு பழைய தரம் 11 பயிற்சிக் கொப்பியைப் புரட்டியபோதுதான், குறைந்து செல்லும் மீதி முறையில், அதாவது இன்னும் கட்டாத தொகைக்கு மட்டும் வட்டி பார்க்கும் முறையில், இதே கணக்கை நான் எத்தனையோ தடவை செய்திருப்பது கண்ணில் பட்டது.

சித்தி 60,000 ரூபாயை ஆண்டு முழுவதும் கையில் வைத்திருக்கவில்லை. தவணையில் வட்டி போக, கடன் தொகையில் மாதம் 5,000 ரூபாய் திரும்பிப் போகிறது. கடைசி மாதத்தில் அவரிடம் மிஞ்சியிருக்கும் கடன் 5,000 மட்டுமே. ஆனால் வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே கடைசிவரை அறவிடப்படுகிறது. 5,000 ரூபாயை ஒரு மாதம் வைத்திருப்பதை ஒரு மாத அலகு என்று கொண்டால், முதல் மாதம் 12 அலகுகள், அடுத்த மாதம் 11; இப்படி 12 முதல் 1 வரை கூட்டினால் 78 மாத அலகுகள். 14,400ஐ 78ஆல் வகுத்தால், 5,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி ஏறத்தாழ 184.60 ரூபாய். அதை ஆண்டு வீதமாக்கினால் 44.3 சதவீதம் வருகிறது. அட்டையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. வட்டி எந்தத் தொகைக்குக் கணிக்கப்படுகிறது என்ற விபரந்தான் அதில் இல்லை.

இதன் பிறகு எந்த வட்டிக் கணக்கைக் கண்டாலும், இந்த வீதம் எந்தத் தொகைக்கு, எந்தக் காலத்துக்கு என்று வினாத்தாளின் ஓரத்தில் முதலில் எழுதிக்கொள்ளப் பழகினேன். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டப்படும் 12 சதவீதம் என்றால், காலாண்டுக்கு 3 சதவீதம், நான்கு தடவை. ஒரு இலட்சம் ரூபாய் ஆண்டு முடிவில் 112,550 ரூபாயைச் சற்றுத் தாண்டும். இதில் 12 சதவீதத்தையே நான்கு தடவை பெருக்கிவிட்டு, விடையின் பருமனைக் கண்டும் சந்தேகப்படாமல் போன நண்பர்கள் எங்கள் வகுப்பில் பலர் இருந்தார்கள்.

வட்டி என்றால் வீதம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மாற்றியது அம்மம்மா சொன்ன ஒற்றி. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே இடம்பெற்ற இந்த ஈட்டில், கடன் கொடுத்தவர் காணியைப் பொறுப்பேற்று, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். இரண்டு இலட்சம் ரூபாய்க்கு ஒற்றி வைத்த தோட்டம் செலவு போக 30,000 ரூபாய் தந்தால், அந்த ஆண்டின் வட்டி 15 சதவீதம். வெங்காய விலை விழுந்தால் வட்டி வீதமும் விழும். பொருளியலில் அமையச் செலவு (ஒன்றைத் தெரிவதால் கைவிட நேரும் அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதி) என்ற சொல்லை ஆசிரியர் மூன்று பாடவேளைகள் விளக்கியும் எனக்கு ஏறாதது, இந்தக் காணிக் கதையில் ஏறியது.

பெயரளவு வட்டி வீதம் (வங்கி சொல்லும் வீதம்), மெய் வட்டி வீதம் (விலையேற்றத்தை நீக்கிய வீதம்) பற்றிய பகுதியை 2022இல் படித்தவர்களுக்கு நாடே பயிற்சி வினாவாக இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி, வணிக வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதமான துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை 7.5 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 14.5 ஆக உயர்த்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஒருவர் 2021 செப்டெம்பரில் 6 சதவீதத்துக்கு ஓராண்டு நிலையான வைப்பு இட்டிருந்தார் என்று கொள்வோம். 6இலிருந்து 69.8ஐக் கழித்து மெய் வீதம் மறை 63.8 என்று நான் எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டினார். கழித்துப் பார்ப்பது சிறிய வீதங்களுக்கு மட்டுமே பொருந்தும் அண்ணளவு. 1.06ஐ 1.698ஆல் வகுத்தால் 0.624, அதாவது பணத்தின் கொள்வனவுச் சக்தியில் இழப்பு ஏறத்தாழ 38 சதவீதம்.

ஆனால் இங்கே காலத்தைப் பொருத்துவதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். 2022 செப்டெம்பரில் 20 சதவீதத்துக்கு வைப்பு இட்டவருக்கு 69.8 பொருந்தாது; அது அவர் பணம் இடுவதற்கு முந்திய ஆண்டின் விலையேற்றம். அவருக்குரியது 2023 செப்டெம்பரின் 1.3 சதவீதம். 1.20ஐ 1.013ஆல் வகுத்தால் அவர் 18 சதவீதத்துக்கு மேல் மெய்யாகவே பெற்றிருக்கிறார். எங்கள் தொகுதிக்கான பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியபோது இந்த இரண்டாவது எண் எவருக்கும் தெரியாது. எதிர்பார்க்கும் பணவீக்கம் என்று பாடநூல் ஏன் வலியுறுத்துகிறது என்பது அதனால்தான் விளங்கியது.

கடந்தகால வினாத்தாள்களைச் செய்யும்போது விடையைப் புள்ளித்திட்டத்துடன் ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், அதே கணக்கில் தவணைகளின் எண்ணிக்கையை மட்டும் இருமடங்காக்கி, வட்டி எவ்வளவு மாறும் என்று முதலில் ஊகித்துவிட்டுப் பின்னர் கணியுங்கள். சித்தியின் கடனை நான் 24 மாதங்களுக்கு மாற்றிப் பார்த்தேன்: அதே 2 சதவீதத்துக்கு மொத்த வட்டி 28,800 ரூபாய், 2,500 ரூபாய்க்கான மாத அலகுகள் 300, ஆண்டு வீதம் ஏறத்தாழ 46 சதவீதம். அந்தத் தாளை அவரிடம் காட்டினேன். அடுத்த கடனை, மீதித் தொகைக்கு மட்டும் வட்டி கணிக்கும் இடத்தில் விசாரித்து எடுத்தார்.