தம்பி தடுப்பில் இருந்த ஏழு மாதம்

2018 ஒக்டோபரில் தம்பி மெக்சிகோப் பக்கமிருந்து அமெரிக்காவின் சான் இசிட்ரோ எல்லை வாசலுக்கு நடந்துபோய், ஊருக்குத் திரும்ப ஏலாது, அசைலம், அதாவது தஞ்சம், வேணும் என்று சொல்லித் தன்னை ஒப்புக்கொடுத்தான். அதற்குப் பிறகு பதினாறு நாள் ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரன் போனை எடுக்கவில்லை. இப்போது அதே நிலையில் நிற்கிற ஒரு குடும்பம் போன மாதம் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டைத் தேடி வந்தது, அவர்களுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டம் அடிக்கடி மாறுகிறது, ஆனபடியால் இதை எங்கள் கதையாக மட்டும் வாசியுங்கோ.

முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேணும். தடுப்பில் இருப்பவர்களைத் தேட அமெரிக்க அரசின் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. ஆனால் எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, இங்கிலிசில் ஒரு எழுத்து கூடவா குறையவா என்று எத்தனை விதமாகப் போட்டாலும் ஆள் இல்லை என்றே வந்தது. கடைசியில் தம்பியே ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்கு அடித்து ஒரு நம்பரைச் சொன்னான். ஏ என்ற எழுத்தும் ஒன்பது இலக்கமும். அதையும் பிறந்த நாட்டையும் போட்டதும் கலிபோர்னியாவில் ஒரு முகாமின் பெயர் வந்தது. அந்த நம்பரை நான் கலண்டர் மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அது இல்லாமல் அங்கே ஒருவரும் எங்களோடு கதைக்க மாட்டார்கள்.

நாங்கள் அவனுக்கு அடிக்க முடியாது, அவன்தான் அடிக்க வேணும், அதற்கு மச்சான் காசு கட்ட வேணும். அங்கே குளிர்காலத்தில் காலை எட்டு மணி என்றால் எங்களுக்கு இரவு ஒன்பதரை.

அப்புறம்தான் இன்டர்வியூ. திரும்பிப் போனால் ஆபத்து என்ற பயத்துக்கு நியாயமான அடிப்படை இருக்கிறதா என்று ஒரு அசைலம் அதிகாரி கேட்பார். அதில் விழுந்தால், கேஸ் கோர்ட்டுக்கே போகாமல் ஆளை விமானம் ஏற்றிவிடலாம். உரைபெயர்ப்பாளர் கேட்க உரிமை உண்டு, தம்பிக்கும் ஒருவர் போனில் வந்தார். இந்தியத் தமிழ். நல்ல மனுசன்தானாம், ஆனால் எங்கள் பாடு அவருக்குத் தெரியவில்லை. தம்பி, "கிழமைக்கு ஒருக்கால் காம்புக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேணும்" என்று சொல்லியிருக்கிறான், காம்பு என்றால் ஆமி முகாம். அது இங்கிலிசில் ஏதோ வேலைக்குப் போய் வருகிறவன் மாதிரிப் போயிருக்கிறது, அதிகாரி அங்கே என்ன சம்பளம் என்று கேட்டாராம். "நாலாம் மாடிக்குக் கொண்டுபோனவை" என்றது வெறும் நாலாவது மாடியாகப் போனது. கொழும்பில் அந்த மாடி பொலிஸ் விசாரணைக்கும் சித்திரவதைக்கும் பேர்போன இடம் என்று எங்களில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது ஒரு கட்டடத்தின் உயரம்.

தோல்வி.

ஆனால் முடிவைக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: இதை நீதிபதி ஒருவர் மறுபடி பார்க்க வேணுமா? தம்பி களைத்துப்போய், வேண்டாம், அனுப்பிவிடுங்கோ என்று சொல்லும் நிலையில் இருந்திருக்கிறான். பக்கத்துக் கட்டிலில் இருந்த பஞ்சாபிப் பெடியன்தான், "ஓம் என்று சொல்லு" என்று முதல் நாளே சொல்லி வைத்தவன். அந்த ஒரு ஓம்தான் அவனைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். ஏழு நாளுக்குள் நீதிபதி பார்க்க வேணும் என்பது சட்டம். இன்டர்வியூவில் எழுதின குறிப்பின் பிரதியும் ஆளுக்குக் கொடுப்பார்கள், இவன் அதைத் தெரிந்த இங்கிலிசில் வாசித்து, பிழைகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறான். நீதிபதி கேட்டார், முடிவை மாற்றினார், வழக்கு முழு விசாரணைக்குப் போனது.

2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விஜயகுமார் துரைசிங்கம் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது எனக்கு இது திரும்ப நினைவுக்கு வந்தது. அவரும் எங்கள் நாட்டுத் தமிழர், விவசாயி, 2017இல் எல்லை தாண்டி 25 யார் தூரத்தில் பிடிபட்டவர். அதிகாரி மறுத்து, நீதிபதியும் மறுத்த பிறகு, மேலே ஒரு சாதாரண நீதிமன்றம் பார்க்க வேணும் என்று கேட்டார். ஏழுக்கு இரண்டு என்று தோற்றார். இப்போதுதான் எல்லையில் கால் வைத்த ஆளுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த அளவு உரிமைதான், அதற்கு மேல் இல்லை என்றார்கள். அப்படியென்றால் தம்பி ஓம் சொன்ன அந்த நீதிபதியின் அறைதான் கடைசிக் கதவு. எங்களுக்கு அப்போது அது தெரியாது, தெரிந்திருந்தால் அந்தக் கிழமை நித்திரை கொண்டிருக்க மாட்டோம்.

லோயர் வைக்கலாம், ஆனால் அரசு காசு கொடுக்காது. முதலில் பிடித்தவர் காசை வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. அடுத்து வந்த பெண் கேட்டது எல்லாம் இங்கே, யாழ்ப்பாணத்தில் எடுக்க வேண்டிய கடதாசிகள். பிறப்புச் சான்றிதழ், விதானையார் (கிராம அலுவலர்) கடிதம், அம்மாவின் சத்தியக்கடதாசி, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு. நான் மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்த நடையில் செருப்பு அறுந்தது. தெரிந்தவர்கள் மூன்று பேரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன், மூன்றையும் அவர் திருப்பி அனுப்பினார். மூன்றும் ஒரே கடையில் ரைப் அடித்தது, மூன்றிலும் அதே வசனம், அதே எழுத்துப் பிழை. "உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் கையால் எழுதச் சொல்லுங்கோ" என்றார். திகதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொன்னதும் அவர்தான், எங்கள் மூன்றாம் நாலாம் அங்கே நாலாம் மூன்றாம் ஆகிவிடும். கடைசியில் கனம் பிடித்தது, தம்பியைக் கொண்டுபோன நேரம் அம்மா மனித உரிமைகள் ஆணைக்குழுவில் போட்ட முறைப்பாட்டின் துண்டு. சீட்டுக்காசுக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்தா.

வாசலில் ஒப்புக்கொடுத்தவனுக்கு நீதிபதியிடம் பிணை கேட்க வழியில்லை. அதிகாரிகளிடம் பரோல்தான், அதாவது வழக்கு நடக்கும்போது தற்காலிகமாக வெளியே விடுவதுதான், கேட்கலாம், ஆள் யாரென்று நிரூபிக்க வேணும், அங்கே ஒரு விலாசமும் பொறுப்பேற்க ஒருவரும் வேணும். நியூ ஜேர்சியில் இருக்கிற சித்தப்பாவின் மகள் தன் வரிக் கணக்குவரை கொடுத்தாள். முதல் தடவை ஒரு பக்கக் கடிதத்தில் மறுப்பு, காரணம் என்று ஒரு பெட்டியில் புள்ளடி மட்டும். 2018 ஜூலையில் வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று ஐந்து பிராந்திய அலுவலகங்களுக்கு, ஒவ்வொருவரின் நிலைமையையும் தனித்தனியாகப் பார்த்தே பரோலை முடிவு செய்ய வேணும் என்று உத்தரவு போட்டிருந்தது, அதில் லொஸ் ஏஞ்சல்ஸும் ஒன்று. லோயர் அதைக் காட்டித் திரும்ப எழுதினார். 2019 மே மாதம் தம்பி வெளியே வந்தான், ஒரு பேப்பர் பையில் உடுப்போடு.

வழக்கு அதோடு முடியவில்லை. விலாசம் மாறினால் ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேணும், அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போய் ஆள் தவணைக்கு வராவிட்டால் வராத இடத்திலேயே நாடுகடத்த உத்தரவு போடலாம். அவன் இதுவரை நாலு வீடு மாறிவிட்டான். ஒவ்வொரு முறையும் நான் போனை எடுத்தவுடன் கேட்பது, "ஃபோர்ம் அனுப்பிட்டியா?" சாப்பிட்டியா என்பது அதற்குப் பிறகுதான். "அனுப்பிட்டன் அக்கா, அனுப்பிட்டன்" என்று எரிச்சலோடு சொல்லுவான். ரசீதைப் படம் எடுத்து அனுப்பு என்பேன்.