உறையும் அதற்குள் இருந்த துண்டும்

1991இல் உயர்தர வகுப்பில், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பி, ரி என்ற வெண்குருதிக் கலங்களைப் பற்றிய பாடத்தில், எங்கள் உயிரியல் ரீச்சர் ஒரு கடித உறையை என்னிடம் நீட்டினார். "பிடியும். நீர்தான் பி கலம். இந்த உறைதான் கிருமி. இதை விழுங்கும்." உறையின் மேல் சிவப்பு மையில் ஒரு முக்கோணம். "உமக்கு வெளியில தெரியிறது அந்த முக்கோணம் மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் பிடிக்கிறீர். இப்ப கிழிச்சு, உள்ளுக்க இருக்கிறதை எடும்."

உள்ளே, ஓரம் கோணலாகக் கிழிந்த ஒரு கொப்பித்தாள் துண்டு. அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றப் பிள்ளைகள் பத்துப் பேரிடமும் ஆளுக்கொரு துண்டு இருந்தது. அவர்கள்தான் ரி கலங்கள். ஒவ்வொருவராக வந்து தங்கள் துண்டை என்னுடையதோடு பொருத்திப் பார்த்தார்கள். ஏழாவதாக வந்தவனுடையதுதான் பொருந்தியது. அவன் என் தோளில் கை வைத்த பிறகுதான், "சரி, இனி நீர் பிறபொருளெதிரி செய்யலாம்" என்றார் ரீச்சர். கிருமியில் போய் ஒட்டி அதை எதிர்க்கும் புரதம்தான் பிறபொருளெதிரி.

அப்புறம் கரும்பலகையில் இரண்டு கலங்களை வரைந்தார். அவை தொட்டுக்கொள்ளும் இடத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. "கை வைக்குது எண்டு தெரியும். அந்தக் கை எதெண்டுதான் இன்னும் பிடிபடேல்ல" என்றார்.

ரி கலம் பிறபொருளெதிரியைச் செய்வதில்லை, செய்யும் கலத்துக்கு உதவுகிறது என்பதே அப்போது அவ்வளவு பழைய செய்தி இல்லை. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் என்ற உறுப்பை நீக்கிய எலிக்குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தி குலைந்துபோவதை ஜாக் மில்லர் 1961இல் காட்டினார். 1968இல் அவரும் கிரஹாம் மிச்சலும் மெல்பேர்ணில் செய்த ஆய்வுதான் வேலைப் பிரிவினையைத் தெளிவாக்கியது: பிறபொருளெதிரியைச் சுரப்பவை என்பு மச்சையிலிருந்து வந்த பி கலங்கள், தைமஸிலிருந்து வந்த ரி கலங்கள் அவற்றுக்குத் துணை.

கரும்பலகையில் இருந்த அந்தக் கேள்விக்குறிக்கு விடை ஓரிரு வருடத்திலேயே வந்துவிட்டது. தூண்டப்பட்ட ரி கலத்தின் மேற்பரப்பில் சிடி40 இணைவி என்றொரு புரதம் தோன்றுகிறது. அது பி கலத்தின் மேலுள்ள சிடி40 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதுதான் தோளில் வைத்த கை. கூடவே இன்டர்லூக்கின் 21, இன்டர்லூக்கின் 4 போன்ற சமிக்ஞைகளையும் ரி கலம் கொடுக்கிறது. இந்த உதவி கிடைத்த பி கலம்தான் நிணநீர்க்கணுவுக்குள் முளை மையத்தை அமைத்துப் பெருகும். தன் பிறபொருளெதிரி மரபணுவில் சிறு சிறு மாற்றங்கள் செய்து பார்க்கும். கிருமியில் நன்றாக ஒட்டும் கலம் அதிகம் விழுங்கும், அதிகத் துண்டுகளைக் காட்டும், அதிக உதவி பெறும். ஒட்டாதது அங்கேயே மடியும். 2000ஆம் ஆண்டளவில்தான் இந்த வேலைக்கென்றே இருக்கும் ரி கலங்களைத் தனியாக இனங்கண்டு பெயர் வைத்தார்கள். நான் இன்று ஆய்வுகூடத்தில் தொன்சில் வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தால், முளை மையத்தின் வெளிர்ந்த பக்கத்தில் அவை பி கலங்களுக்கு நடுவே நிற்பதைச் சாயமிட்டுப் பார்க்க முடிகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

உறையில் ஒன்று, உள்ளே இன்னொன்று என்று ரீச்சர் வைத்ததன் பெறுமதி பிறகுதான் எனக்கு விளங்கியது. ஹீமோஃபிலஸ் பி கிருமியின் வெளிப்புறம் சர்க்கரைப் பூச்சு. பி கலம் அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும். ஆனால் ரி கலத்துக்குக் காட்ட அதில் புரதத் துண்டு இல்லை. அதனால்தான் வெறும் சர்க்கரையால் செய்த தடுப்பூசி கைக்குழந்தைகளில் எடுபடவில்லை. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுத்தார்கள். பி கலம் சர்க்கரையைப் பிடித்து, கூட வந்த புரதத்தையும் விழுங்கி, அதன் துண்டைக் காட்டியது. ரி கலம் வந்து கை வைத்தது. எத்தனையோ குழந்தைகளை மூளைக்காய்ச்சலிலிருந்து காத்த வேலை அது. முக்கோணமும் கிழிந்த துண்டும் ஒரே உறையில் வரவேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஒரு நாள் ஒரு சிறுவனின் இரத்தம் பரிசோதனைக்கு வந்தது. திரும்பத் திரும்ப நியூமோனியா. பி கலம் முதலில் செய்யும் பிறபொருளெதிரி வகையான ஐஜிஎம் தாராளமாக இருந்தது, ரி கலத்தின் உதவி கிடைத்த பிறகு செய்யும் வகையான ஐஜிஜி கிட்டத்தட்ட இல்லை. ரி கலங்களைத் தூண்டி, சில மணி நேரம் வைத்து, சிடி40 இணைவிக்குச் சாயமிட்டேன். ஆரோக்கியமானவரின் மாதிரியில், சாயம் ஏறிய அளவைக் காட்டும் வரைபு வலப்பக்கம் நன்றாக நகர்ந்தது. சிறுவனுடையது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மறுபடி செய்தேன், அதேதான். அவனிடம் பி கலம் இருந்தது, ரி கலமும் இருந்தது. தோளில் வைக்கக் கைதான் இல்லை. இனி ஐஜிஜியை வெளியிலிருந்து ஏற்றலாம், பொருத்தமானவர் கிடைத்தால் என்பு மச்சை மாற்றலாம். அறிக்கை நேரத்தோடு போய்ச் சேரவேண்டும் என்று அன்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றிரவு ரீச்சருக்குக் கடிதம் எழுதினேன். அதே இரண்டு கலங்களை வரைந்து, கேள்விக்குறி இருந்த இடத்தில் விடையை எழுதினேன். தாளை மடித்து உள்ளே வைத்து ஒட்டி, உறையின் மேல் சிவப்பு மையில் ஒரு முக்கோணம் போட்டேன்.