டிவிப் பெட்டியில் இணைய வானொலி: பாடாதபோது எங்கே பார்ப்பது

பல்லடம் பக்கத்தில் தறிக்குடோன்களுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கு மத்திய அலை வானொலியின் இரைச்சலைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோவை நிலையம் 999 கிலோஹெர்ட்ஸில் என்னதான் ஒலிபரப்பினாலும், தறி மோட்டார்களும், மலிவான எல்இடி விளக்குகளும், வீட்டு இன்வெர்ட்டரும் சேர்ந்து கிளப்பும் மின் இரைச்சலில் பேசுகிறவரின் குரல் அமுங்கிவிடுகிறது. அதனால், படம் பார்ப்பதற்காக டிவிக்குப் பின்னால் வைத்திருந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியிலேயே வானொலியையும் அமைத்துவிட்டேன். அதில் இருப்பது லிப்ரெஎலெக். கோடி என்ற ஊடகச் செயலியை இயக்குவதற்கென்றே சுருக்கிச் செய்யப்பட்ட லினக்ஸ்.

அமைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நிலையத்தின் ஸ்ட்ரீம், அதாவது இணையத்தில் தொடர்ந்து ஓடிவரும் ஒலி, இருக்கும் முகவரியை ஒரே வரியாக ஒரு உரைக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பின் பின்னொட்டை எஸ்டிஆர்எம் (.strm) என்று வைத்துச் சேமித்தால், கோடி அதை ஒரு பாட்டுக் கோப்பைப் போலவே எடுத்துப் பாடும். அதைப் பிடித்தவை பட்டியலில் சேர்த்துவிட்டால், எங்கள் அம்மாயி டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளை வைத்தே நிலையத்தை மாற்றிக்கொள்வார். முகவரிகளுக்கு, பயனர்களே சேர்த்துத் திருத்தி வரும் ரேடியோ பிரவுசர் என்ற பொதுப் பட்டியல் போதும். சில நிலையங்கள் தரும் பிஎல்எஸ், எம்3யு கோப்புகளில் ஒலி எதுவும் கிடையாது. அவை முகவரி எழுதிய சீட்டுகளே. நோட்பேடில் திறந்து, உள்ளே இருக்கும் முகவரியை எடுத்துக்கொள்வது நல்லது. எம்3யு8 என்று முடிவது மட்டும் வேறு சாதி. அதை அப்படியே கொடுக்க வேண்டும். இணைய வானொலிக்கான பழைய ஷவுட்காஸ்ட் சர்வர் சில நேரம் ஒலிக்குப் பதிலாக ஒரு வலைப்பக்கத்தை அனுப்பும். முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் அரைப்புள்ளியும் (/;) சேர்த்தால் ஒலி வந்துவிடும்.

அமைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. "கண்ணு, பொட்டி பேச மாட்டேங்குது" என்று அம்மாயி சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். எனவே கோடியின் அமைப்புகளைத் தொடுவதற்கு முன், அதே வைஃபையில் இருக்கும் மடிக்கணினியில் விஎல்சி என்ற ஊடகச் செயலியைத் திறந்து அதே முகவரியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே பாடினால் கோளாறு பெட்டியில், அதாவது ராஸ்பெரி பையில் இருக்கிறது. அங்கேயும் பாடவில்லை என்றால், அலைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தால், முகவரி செத்துவிட்டதா, வீட்டு இணையம்தான் படுத்துவிட்டதா என்பது விளங்கிவிடும்.

பெட்டியில்தான் கோளாறு என்று தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. ராஸ்பெரி பை 4-இல் மின்சாரம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரச் சில்லு கிடையாது. ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் அது இணையத்தில் கேட்டுத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்கிறது. மின்சாரம் போய் வரும்போது பெட்டி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. ஃபைபர் மோடமோ அதைவிட மெதுவாகத்தான் எழுகிறது. இந்த இடைவெளியில் பெட்டி, மாதக்கணக்கில் பழைய தேதி ஒன்றையே இன்றைய தேதி என்று நம்பிக்கொண்டிருக்கும். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழ்கள் பலவும் 90 நாள் போன்ற குறுகிய ஆயுளோடு வழங்கப்பட்டு, அடிக்கடி புதுப்பிக்கப்படுபவை. பழைய தேதியில் நிற்கும் பெட்டிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று தோன்றுவதால், அது இணைப்பை மறுத்துவிடுகிறது. திரையில் வருவதோ, பாட முடியவில்லை என்ற மொட்டைச் செய்தி மட்டும். வெறும் எச்டிடிபியில் வரும் பழைய நிலையங்கள் எல்லாம் பாடி, எச்டிடிபிஎஸ் நிலையங்கள் மட்டும் முரண்டு பிடித்தால், வேறெங்கும் தேடாமல் திரையின் மூலையில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். லிப்ரெஎலெக் அமைப்பில், பிணையம் வரும்வரை காத்திருந்து கோடியைத் தொடங்கு என்ற தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், பொத்தான் பேட்டரியோடு வரும் டிஎஸ்3231 கடிகாரப் பலகையை பை 4-இன் ஊசிகளில் பொருத்திக்கொள்ளலாம். மோடத்துக்கு ஒரு சிறிய யுபிஎஸ் வாங்கி வைப்பது, என் கணக்கில், இவை இரண்டையும் விடப் புத்திசாலித்தனம்.

அடுத்த தொல்லை விட்டுவிட்டுப் பாடுவது. இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், ஒலியை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைக்கும் இடமான பஃபரைப் பெரிதாக்குவது. கோடி 21-இல் அதற்கான இடம் அமைப்புகளுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் நேரலை வானொலிக்கு இந்த வைத்தியம் மட்டும் பெரிதாகப் பலிப்பதில்லை என்பது என் கருத்து. படக் கோப்பு என்றால் அதன் மீதிப் பகுதி சர்வரில் தயாராகக் கிடக்கும்; வேகமாக இழுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். வானொலியில் அடுத்த நிமிடம் பேசப்போவதை இன்னும் யாரும் பேசவே இல்லை. வருகிற தண்ணீரும் பாய்கிற தண்ணீரும் ஒரே அளவாக இருக்கும்போது, தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அது நிறையப் போவதில்லை. ஷவுட்காஸ்டைப் போலவே வானொலி ஸ்ட்ரீம்களை அனுப்பும் ஐஸ்காஸ்ட் சர்வர், அமைப்பை மாற்றாமல் விட்டால், புதிதாக இணைபவருக்குத் தொடக்கத்தில் 65,536 பைட்டை மொத்தமாகக் கொடுக்கிறது. அதற்குப் பிறகு பாடப் பாடத்தான் அனுப்புகிறது. நொடிக்கு 128 கிலோபிட் ஸ்ட்ரீம் என்றால் நொடிக்கு 16,000 பைட். ஆக, நம் கையில் இருக்கும் முன்பணம் நான்கு நொடிதான். ஊர் கேபிள்காரர் தரும் இணைப்பு ஐந்து நொடி தடுமாறினால் பாட்டு நின்றுவிடும். அதே நிலையம் ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையில் 48 கிலோபிட் ஸ்ட்ரீமும் தருகிறது என்றால், அதே 65,536 பைட் பதினோரு நொடிக்குத் தாங்கும். செய்திக்கும் பேச்சுக்கும் அந்தத் தரம் தாராளம். தரத்தைக் கூட்டினால்தான் நன்றாகக் கேட்கும் என்று எண்ணிப் பெரிய ஸ்ட்ரீமையே தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

ஆகாசவாணியின் நேரலை எச்எல்எஸ் முறையில், அதாவது எம்3யு8 முகவரியில் வருவது. இதில் ஒலி சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டி அடுக்கப்படுகிறது. கேட்கும் செயலி கடைசித் துண்டுக்கு மூன்று துண்டுகள் பின்தங்கியே தொடங்குவது வழக்கம். துண்டு பத்து நொடி என்றால் முப்பது நொடி கைவசம் இருக்கும். இணையம் சற்றுக் கண்ணயர்ந்தாலும் செவிக்குத் தெரியாது. அதற்குக் கொடுக்கும் விலை தாமதம். ஏழேகால் செய்தி, சுவர்க் கடிகாரத்தில் ஏழேகால் தாண்டி அரை நிமிடம் கழித்துத்தான் தொடங்கும். இணைய வானொலியை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துகிற வேலை வேண்டாம்.

பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறியும் மாறி மாறி வந்தால் பயப்பட வேண்டாம். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனித்தனி மேலை எழுத்துகளாக யாரோ படித்திருக்கிறார்கள் என்பதே பொருள். இன்ன குறியாக்கத்தில்தான் பெயரை அனுப்ப வேண்டும் என்று பழைய ஷவுட்காஸ்ட் முறையில் வரையறை கிடையாது. வழியில் எந்த இடத்தில் பிசகியது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, பெயரைப் பார்க்காமல் பாட்டைக் கேட்பது உத்தமம்.

கடைசியாக, டிவியை அணைத்துவிட்டு வானொலியை மட்டும் கேட்பது. ஒலி எச்டிஎம்ஐ கம்பி வழியாக டிவிக்குப் போகும் வரை இது நடக்காது. டிவி அணைந்திருக்கும்போது பெட்டியைத் தொடங்கினால், எச்டிஎம்ஐ ஒலிச்சாதனமே பட்டியலில் இல்லாமல் போகவும் கூடும். பை 4-இல் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறது. கோடியின் ஒலி வெளியீட்டை அதற்கு மாற்றி (பட்டியலில் அது தெரியாவிட்டால் config.txt கோப்பில் dtparam=audio=on என்ற வரியைச் சேர்த்து), பழைய ஆம்ப்ளிஃபையரில் செருகினால் முடிந்தது. பை 5-இல் அந்தத் துளை இல்லை. யுஎஸ்பி ஒலி அட்டை ஒன்று தனியாக வாங்க வேண்டும். டிவி அணைந்திருக்கும்போது நிலையம் மாற்ற, கோடியை ரிமோட் போல இயக்கும் கோரே செயலியை அலைபேசியில் போட்டுக்கொண்டால், திரையே இல்லாமல் வானொலி நடக்கும்.